வலது தோளுக்கு அரை இஞ்சு கூடுதல்

போன வாரம் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தலை நரைத்ததில் கண்ட ஒரே லாபம், யாராவது எழுந்து இடம் தருவதுதான். எனக்கு இடம் தந்த பையன் பக்கத்திலேயே மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில்லாத பனியன். தோள் சரியாக என் மூக்குக்கு நேரே இருந்தது. உரித்த தேங்காயை அங்கே பொருத்தி மேலே தோலைப் போர்த்தினதுபோல உருண்டு திரண்ட தோள். இப்போதுதான் மாடிக்கு மாடி கண்ணாடி போட்ட ஜிம் வந்துவிட்டதே, அதில் ஒன்றில் வளர்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ரசித்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தோளிலிருந்து நோவுக்குத் தேய்க்கிற கற்பூராதித் தைலத்தின் வாடை வந்தது.

பார்வதிபுரம் தாண்டி டிரைவர் பிரேக் போட்டார். பையன் சட்டென்று வலது கையை எடுத்துவிட்டு இடது கையால் கம்பியைப் பிடித்தான். உதட்டைக் கடித்ததையும் பார்த்தேன். தோள் நோவுகிறதா என்று கேட்டேன். காதிலிருந்த வயரைப் பிடுங்கிவிட்டு, ஒன்றுமில்லை என்று சிரித்தான். நல்ல பையன். எனக்குத்தான் அதற்கு மேல் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் வீட்டில் தமிழ் பேசி, ஆபீசுக்கு மலையாளத்தில் மனு எழுதி, கோபம் வந்தால் இரண்டிலும் திட்டிக்கொண்டிருந்தோம். நானும் தாணுவும் தக்கலையில் ஒரு மர டிப்போவில் கிளார்க்கு. ஒரே ஊர், ஒரே வயசு, ஒரே பஸ். தேக்கும் அயனியும் அறுத்த வாசனை எங்கள் சட்டையில் ஞாயிற்றுக்கிழமைகூட இருக்கும். அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். பகவதி என்று பெயர், அஞ்சுகிராமத்துப் பெண். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது, அதனால் அவள் அப்படிக் கூப்பிடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தாணுவின் வீட்டுக்கு முன்தண்டு வீடு என்று பெயர். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பங்குனித் திருவிழா ஏழாம் நாள் காலையில் அம்மன் குதிரை வாகனத்தில் வருவாள். அடியில் இரண்டு நீளத் தண்டு. எட்டு எட்டுப் பேராகப் பதினாறு பேர் சுமப்பார்கள். வலது தண்டின் முன்முனை தாணுவின் வீட்டுக்கு உரியது. பின்னால் நிற்கிறவர்கள் தோள் மாற்றிக்கொள்ளலாம். முன்முனையில் நிற்கிறவன் மாற்றக் கூடாது. கிளம்பின இடத்திலிருந்து நான்கு தெருவும் சுற்றித் திரும்புகிற வரை வலது தோள்தான். கடைசியில் கோயில் வாசலில் வந்து நின்றதும் பதினாறு பேரும் தண்டைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கையையும் நிமிர்த்தித் தலைக்கு மேலே ஏந்திக் காட்ட வேண்டும். கூட்டத்தின் கடைசியில் நிற்கிற குழந்தையும் அம்மனைப் பார்க்க வேண்டுமே, அதற்கு.

தாணுவின் அப்பா சாகிற வருஷம் வரை அவர்தான் நின்றார். அதன் பிறகு இரண்டு வருஷம் தாணுவின் சித்தப்பா மகன் நின்றான். வயலில் கிடப்பவன், தினமும் கலப்பையைத் தோளில் போட்டு நடப்பவன். மூன்றாவது வருஷமும் அவனே நின்றால் இடம் அவன் வீட்டுக்குப் போய்விடும், வீட்டுப் பெயரும் கூடவே போகும். அது ஊர் வழக்கம். ஆவணியில் கோயில் கூட்டத்தில் தாணு எழுந்து, இந்த முறை நான் நிற்கிறேன் என்றான். கோயில் காரியம் பார்க்கிற ஆறுமுகம் அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேனா பிடிக்கிற தோளில் தண்டு நிற்குமா என்று கேட்டாராம். கூட்டமே சிரித்ததாம். அவருக்கு யாரையும் புண்படுத்தும் எண்ணம் கிடையாது, அவர் பேச்சே அப்படித்தான். ஆனால் தாணு அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று பகவதி சொன்னாள்.

அவன் தோளைப் பற்றி நான் கேலி பேச முடியாது. என் சட்டையே என் மேல் கொடியில் போட்டதுபோலத்தான் தொங்கும். ஆனால் எனக்கு இங்கிலீஷ் வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நான் கெடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, வடக்கே எங்கோ மணியார்டர் அனுப்பி, தபாலில் தேகப்பயிற்சிப் பாடம் வரவழைத்தேன். பன்னிரண்டு தாள். தாளுக்கு ஒரு வெள்ளைக்காரன், ஜட்டி மட்டும் போட்டுக்கொண்டு, கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு நிற்பான். என் அம்மா ஒரு தாளைப் பார்த்துவிட்டு, உடுக்கத் துணியில்லாத இவனுக்கா நீ பணம் அனுப்பினாய் என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ஐந்தாவது தாள் தோளுக்கு. எடை மாட்டின கம்பியை நெஞ்சிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவது ஒன்று. பிடரிக்குப் பின்னாலிருந்து மேலே தள்ளுவது ஒன்று. இரண்டு கையிலும் எடையைத் தொங்கவிட்டு, பருந்து சிறகு விரிப்பதுபோலப் பக்கவாட்டில் தூக்குவது ஒன்று. குனிந்து நின்று அதையே செய்வது இன்னொன்று, தோளின் பின்பக்கம் உருள்வதற்கு. இதையெல்லாம் நான் வாசிக்க, தாணு தலையாட்டினான். அடியில் பொடி எழுத்தில் நான்கு வரி இருந்தது. இரண்டு கைக்கும் ஒரே எடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு, பொருத்துக்குள்ளே வலி கண்டால் உடனே நிறுத்து, வலி முழுவதும் போகிற வரை கம்பியைத் தொடாதே. அதை மட்டும் அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஒளிக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. ஆரம்பத்திலேயே வலியைப் பற்றிப் பேசி எதற்கு அவனைப் பயமுறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

தாணு வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போடுகிற சாய்ப்புதான் எங்கள் பயிற்சிக் கூடம். கம்பிக்கு உடைந்த மாட்டுவண்டியின் அச்சு. எடைக்குச் சிமெண்டு. அப்போது சிமெண்டு பெர்மிட்டில்தான் கிடைக்கும். வாய்க்கால் மேலிருந்த சானல் பாலம் பழுதுபார்க்க வந்த மேஸ்திரியிடம் இரண்டு குலை ஏத்தன்பழம் கொடுத்து அரைச்சாக்கு வாங்கினோம். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அதில் வார்த்தபோது, ஒரு கட்டி மற்றதைவிடக் கனமாக வந்துவிட்டது. அதைக் கொத்திக் குறைத்திருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே யோசனைக்கு வந்தோம். சுமக்கப் போவது வலது தோள்தானே, கனமான கட்டி வலது பக்கமே இருக்கட்டும். பெரிய புத்திசாலிகள்போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். தனிக்கையால் தூக்குகிறபோதும் இடதுக்குப் பத்து முறை என்றால் வலதுக்கு இருபது. ஓய்வு நாள் கிடையாது, பங்குனி ஓய்வெடுக்காதே.

சாப்பாட்டுச் சங்கதி வேறு. தாளில் முட்டை என்று போட்டிருந்தது. சைவ வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னாலே வாயைக் கழுவச் சொல்வார்கள். தக்கலையில் ஒரு கடையில் பின்பக்கம் நின்று தாணு பச்சை முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவான். நான் வெளியே காவல். துணைக்கு நானும் ஒன்று விழுங்கப் போய், பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரின் வேட்டியை நாசம் பண்ணினேன். வீட்டில் பகவதி நிலக்கடலையை ஊறவைத்துத் தருவாள். மரச்சீனிக் கிழங்கை அவித்து, தேங்காய் துருவிப் போட்டு, அவன் தின்று முடிகிற வரை நின்று பார்ப்பாள்.

கார்த்திகைக்குள் தோள் திரள ஆரம்பித்துவிட்டது. தையற்காரர் சட்டையைப் பிரித்து விட்டார். டிப்போவில் தடி சுமக்கிறவர்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். தாணுவின் நடைகூட மாறிவிட்டது. கைகள் உடம்பில் படாமல், நனைந்த சட்டையைக் காயவைப்பவன்போல நடப்பான். எனக்கும் பெருமை. என் பெயரைக் கேட்டால் தாணுவுக்குத் தோள் சொல்லிக்கொடுக்கிறவன் என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை யாரோ எதற்காகவோ சொன்னார்கள்.

மார்கழியில் ஒரு காலை, பிடரிக்குப் பின்னாலிருந்து கம்பியை மேலே தள்ளும்போது வலது தோளில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. விரலில் நெட்டி முறிக்கிற மாதிரி, ஆனால் அதைவிட ஆழத்தில். தாணு கம்பியை இறக்கிவிட்டுத் தோளைச் சுழற்றிப் பார்த்தான். என்னடா என்றேன். காற்று என்றான். மறுநாளும் அதே இடத்தில் அதே சத்தம். அதற்கு மறுநாள், கை பாதி ஏறும்போதே வந்தது. தைலம் தேய்க்க ஆரம்பித்தோம். சாய்ப்பு முழுக்க வைக்கோல் வாசனை போய்க் கற்பூராதி வாடை வந்துவிட்டது.

தை மாதம் ஒருநாள் தையற்காரரின் டேப்பை வாங்கி இரண்டு தோளையும் அளந்தோம். கைக்குழியிலிருந்து சுற்றி அளப்பது. வலது தோள் இடதைவிட அரை இஞ்சு கூடுதல். முந்தின வாரம் அளந்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் அரை இஞ்சு. எங்கள் சூட்சுமம் பலித்துவிட்டது என்று நான் துள்ளினேன். அன்று மாலை தக்கலையில் ரசவடையும் காப்பியும் என் செலவு. தாணு காப்பியை இடது கையால் எடுத்துக் குடித்தான். வலது தோளைத் தொட்டபோது சூடாக இருந்தது, விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெதுவாக நிரம்பியது. சதை புதுசு, அதனால் மெத்தென்று இருக்கிறது என்று அவனுக்கு விளக்கம் சொன்னேன். இதை எழுதுகிறபோது எனக்கே என் கன்னத்தில் அறைய வேண்டும்போலிருக்கிறது.

வீட்டுக்குப் போய் ஐந்தாவது தாளை எடுத்தேன். பொடி எழுத்தின் நான்கு வரியையும் வாசித்தேன். இரண்டாம் முறையும் வாசித்தேன். திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. நிறுத்தச் சொன்னால் இடம் போச்சு, வீட்டுப் பெயர் போச்சு. என் பெயரும்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். தாளை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

மாசி பிறந்தபோது தாணு இடது கையால் தலை சீவினான். டிப்போவில் மேல்தட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினான். வலது கை தோள்மட்டத்துக்கு மேல் போகவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒருநாள் தானாகவே சொன்னான். "மக்கா, அவகிட்ட மட்டும் சொல்லப்பிடாது, கேட்டியா? தண்டு ஏறிட்டா எல்லாம் சரியாப் போவும்."

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, அவளே வந்தாள். எங்கள் வீட்டில் அரிசி புடைக்க வாங்கின சொளவைத் திருப்பித் தருகிற சாக்கில் வந்து, அம்மா அடுக்களைக்குள் போகிற வரை காத்திருந்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணே, அவ்வோ ராத்திரி ஒறங்க மாட்டேங்காவ. வலப்பக்கம் திரும்பினா பல்லைக் கடிக்காவ. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ. நீங்கதானே கூட நிக்கியோ, தோளுக்கு ஏதும் கெடுதலா? கெடுதல்னா நான் விடமாட்டேன். வீட்டுப் பேரு போனாப் போட்டும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். தாணுவின் கோபத்தையும் ஊர்ச் சிரிப்பையும் அவள் தாங்கிக்கொள்வாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சதை ஏறும்போது அப்பிடித்தான் நோவும், பகவதி. தாளுலயே எழுதியிருக்கு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. எழுதியிருந்தால் சரிதான் என்று சொல்லி, சொளவை என் கையில் தந்துவிட்டுப் போனாள். எழுத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

ஏழாம் நாள் காலை வெயில் ஏறுவதற்குள் வாகனம் கிளம்பியது. மற்றப் பதினைந்து பேருடைய தோளையும் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். ஒருவருக்கும் உருண்ட தோள் இல்லை. கழுத்தோரம் தட்டையாக, கலப்பையும் உரக்கூடையும் சுமந்து காய்த்துப்போன இடம் ஒன்று இருந்தது. தண்டு அங்கே போய்த் தானாகப் படிந்தது. தாணுவின் தோளில் அது படியவில்லை. மடித்த துண்டின் மேல் வழுக்கி, அந்த வீங்கின உருண்டையின் மேல் போய் நின்றது. அவன் இடது கையைக் குறுக்கே கொடுத்துத் தண்டைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

வலது பக்கம் கூட்டத்தோடு கூடவே நடந்தேன். முன்தண்டு வீட்டுக்காரன் தோளைப் பார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஆறுமுகம் அண்ணாச்சி என்னிடம் வந்து, அன்றைக்குச் சொன்னது தப்புதான், பையன் நின்றுவிட்டான் என்றார். மேலத்தெரு, வடக்குத்தெரு. தாணுவின் காதோரத்திலிருந்து வேர்வை கோடாக இறங்கியது. பின்னால் நிற்கிறவர்கள் இரண்டு முறை தோள் மாற்றிவிட்டார்கள். கீழத்தெரு முனையில் அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை என்னிடம் எதையும் கேட்கவில்லை. எனக்கு அப்போதே ஓடிப்போய் அண்ணாச்சியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. இன்னும் ஒரு தெருதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் வாகனம் நின்றது. மேளம் உச்சத்துக்குப் போனது. அண்ணாச்சி கையை உயர்த்தினார். பதினைந்து பேருடைய இரண்டு கைகளும் மேலே போயின. தாணுவின் இடது கை போனது. வலது கை காதுவரைக்கும் வந்து நின்றது. அத்தனை மேளத்தில் அந்தச் சத்தம் என் காதுக்குக் கேட்டிருக்க நியாயமே இல்லை. கேட்டது. முன்முனை சரிந்து, தண்டு நேராக அதே தோளில் இறங்கியது. குதிரை பக்கவாட்டில் சாய்ந்தது. மேலே அம்மனைப் பிடித்துக்கொண்டிருந்த அர்ச்சகர் வழுக்கி ஆட்கள் மேல் விழுந்தார். அம்மனைக் கட்டியிருந்ததால் விழவில்லை. கிரீடம் மட்டும் கழன்று கல்தரையில் உருண்டு, ஒரு பெண்ணின் காலருகே போய் நின்றது. அவள் குனிந்து எடுக்கப் பயந்து பின்னால் நகர்ந்தாள். மேளம் நின்றுவிட்டது.

தாணு தண்டுக்கு அடியில் முழங்காலில் இருந்தான். இடது கை தண்டை விடவில்லை. நான் போய்க் குனிந்தபோது, "அம்மன் தரையில பட்டுதா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அது பொய்யில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, தண்டு விழுந்ததால் எலும்பில் அடி, அது கூடிவிடும், ஆனால் உள்ளே தசைநார் அறுந்து மாதங்கள் ஆகிறது, அது இனி ஒட்டாது என்றார். வலியோடு ஏன் தூக்கினாய் என்று கேட்டார். பகவதிதான் பதில் சொன்னாள். நோவும் என்று தாளில் எழுதியிருக்கிறது, அண்ணன் வாசித்தார் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எந்தத் தாள் என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். வெளியே கூட்டம் நின்றதால் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று மாலை அம்மா கோயில் பரிகாரத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஐந்தாவது தாளை அடுப்பில் போட்டேன்.

முன்முனை சித்தப்பா மகனுக்குப் போனது. யாரும் தாணுவைத் திட்டவில்லை, அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. வைகாசியில் மகன் பிறந்தான். பிள்ளையை வாங்க அவன் இடது கையை மட்டும் நீட்டினதைப் பார்த்துவிட்டு நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். டிப்போ முதலாளி நாலு மாதம் பொறுத்துப் பார்த்தார். அதன் பிறகு அவர்கள் அஞ்சுகிராமத்துக்குப் போய்விட்டார்கள், பகவதியின் அண்ணன் கடைக்கு.

மூன்று வருஷம் கழித்து, நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வாரம் அஞ்சுகிராமத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. கடை வாசலில் கொடி கட்டியிருந்தார்கள். தாணு என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இடது கையால் என் தோளை அணைத்துக்கொண்டான். வலது கை சட்டைக்குள் தொங்கியது. அந்தத் தோளில் இப்போது உருண்டை இல்லை, எலும்புதான் துருத்திக்கொண்டிருந்தது. பழைய கதையெல்லாம் பேசினோம். முட்டை கதையைச் சொல்லி அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பகவதி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"மக்கா, அந்தத் தாளு இருக்கா? ஒரு தடவ வாசிச்சுக் கேக்கணும். நான் எங்க தப்பு பண்ணினேன்னு பாக்கணும்" என்றான் தாணு.

செல்லரித்துப் போய்விட்டது என்றேன்.

அவன் ஐயோ என்று வருத்தப்பட்டான். பகவதி குனிந்து காலித் தம்ளரை எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இருந்தா மட்டும் அதுல உள்ளத உள்ளபடி வாசிச்சிருவாவளா?"

என் இங்கிலீஷைக் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துத் தாணு சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அண்ணே என்ற சொல் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை, அதன் பிறகு எப்போதும் வரவில்லை.

இப்போது எங்கள் ஊர் அம்மன் நான்கு ரப்பர் சக்கரத்தில் வருகிறாள், முன்னால் டிராக்டர் இழுக்கிறது. தலைக்கு மேலே ஏந்திக் காட்டுவது கிடையாது. தண்டு இரண்டும் கோயில் புறச்சுவரோரம் கிடந்து, எந்த மழையில் உளுத்துப் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. முன்தண்டு வீட்டை இடித்து மூன்று கடை கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் அங்கே இருப்பவர்களே முழிக்கிறார்கள். தாணு போய் இருபது வருஷம் ஆகிறது. பகவதி போன ஐப்பசியில் போனாள், மகன் கார்டு போட்டிருந்தான்.

அந்த நான்கு வரியும் எனக்கு இன்றும் மனப்பாடம், இங்கிலீஷிலேயே ஒரு சொல் விடாமல் சொல்வேன். கேட்க வேண்டிய இரண்டு பேரும் இல்லை.